ஒரு சாயம் ஊத்துங்க

இன்று காலை முன்னறைத் தரையில் எறும்புகள் வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்தன. கதவிடுக்கில் புறப்பட்டு, சுவரோரமாக வந்து, கதிரைக் காலடியில் கூடி நின்று, வந்த வழியே திரும்பிப் போயின. எறும்பைக் கண்டால் நான் சும்மா இருக்கிறவளா? மஞ்சள் தூளைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைவேன். "அதுகளும் பொழச்சிட்டுப் போகட்டும் டீச்சரு" என்று நீ சொல்லச் சொல்லத் தூவிக்கொண்டே போவேன். இன்று எடுத்த துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த இடத்தில் சீனி சிந்தியது. என் வீட்டு முன்னறையில் ஒருவர் உட்கார்ந்து, சீனி சிந்தும்படி பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். யார் என்று சொன்னால் நம்பமாட்டாய். இதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு வேறு ஆளும் இல்லை. நீ செத்துப்போனதை மறந்துவிட்டு எழுதவில்லை, தெரிந்துதான் எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோதும் பொறுத்துக்கொண்டுதானே இருந்தாய்.

நீ போன பிறகு வந்த மழைக்காலத்தில் எனக்கு லேசாகப் பாரிசவாதம் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கால் தேறிவிட்டது, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறேன். இடது கைதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. எதைக் கொடுத்தாலும் பிடிக்கும், ஆனால் நடுங்கிக்கொண்டே பிடிக்கும். ஊசியில் நூல் கோத்தே வாழ்ந்தவளுக்கு இப்படியொரு கை. தையல் மெஷினுக்குத் துணியைப் போர்த்தி மூலையில் தள்ளி வைத்திருக்கிறேன். பார்த்தால் யாரோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. சில நாள் அதனோடு பேசியும் விடுகிறேன்.

சபையில் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. மாதர் சங்கத்துப் பிள்ளைகள் முறை வைத்து வருகிறார்கள். பை நிறையக் கொண்டுவருகிறார்கள். அரிசி, பருப்பு, பால்மா, பிஸ்கட், சீனி. எது இல்லாவிட்டாலும் சீனி உண்டு. வந்ததும் நான் எழும்பப் பார்ப்பேன். "எழும்பாதீங்க டீச்சர், நாங்க இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்பார்கள். எங்கேதான் குடித்துவிட்டு வருகிறார்களோ. ஒருத்தி ஜெபிப்பாள், ஒருத்தி படம் எடுப்பாள், எல்லோரும் என் தோளைத் தொட்டுவிட்டுப் புறப்படுவார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரக் கூடாது. ஆனாலும் வருகிறது. அவர்கள் ரோட்டில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வாசலில் நிற்பேன். உள்ளே குசினியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும். அவர்கள் வருகிற சத்தம் கேட்டதும் அவசர அவசரமாக வைத்த கேத்தல். போய் அதை இறக்கி வைப்பேன்.

என் வீட்டில் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. என் குறை இவ்வளவுதான். அலுமாரியில் சீனிப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போகின்றன. எனக்குச் சீனி ஆகாது என்று டாக்டர் சொன்னது அவர்களுக்கும் தெரியும். "வர்றவங்களுக்குக் குடுங்க டீச்சர்" என்கிறார்கள். வருகிறவர்களே அவர்கள்தான்.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. கல்யாணம் கட்டாதவள், கூடப் பிறந்த தம்பியும் வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய்த் தங்கிவிட்டான். நீ இருந்த காலத்திலும் இந்த வீட்டில் நான் தனியாகத்தான் படுத்து எழும்பினேன். அப்போது அது உறைக்கவில்லை. பை நிறையக் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து படுக்கிறவளுக்கு உடம்பு அலுத்திருக்கும், நித்திரை வந்துவிடும். இப்போது பைகள் என்னிடம் வருகின்றன. வாங்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். தெமோதரை ஸ்டேஷனுக்கு ரயில் வந்து போகிற சத்தம் கேட்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில நாள் அழுதுவிடுகிறேன்.

நம் சனிக்கிழமைகளை நினைத்துக்கொள்கிறேன். சபையில் அதற்கு வைத்திருந்த பெயர் வீடு சந்திப்பு. நீ வைத்திருந்த பெயர் ஊர் சுற்றல். பதுளையில் தையல் வகுப்பை முடித்துக்கொண்டு நான் பஸ்ஸில் வந்து இறங்குவேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளை இடுப்பு ஒடியத் தூக்கிவிட்டு நீ வந்து நிற்பாய். சேலையில் பால் வாடை அடிக்கும். என் இரண்டு கையிலும் பை, பாண், சவர்க்காரம், பழைய உடுப்பில் நான் தைத்த பிள்ளைச் சட்டைகள். உன் கையில் ஒரு கறுப்புக் குடை. வேறு ஒன்றும் இராது. அந்தக் குடையின் கிழிசலைக்கூட நான்தான் தைத்துக் கொடுத்தேன். அன்று கறுப்பு நூல் தீர்ந்துபோய் நீல நூலில் தைத்ததை, "டீச்சருக்குக் கண்ணு போச்சு" என்று சபை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாய்.

மலையேறித் தோட்டத்து மேல் பிரிவு லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் போவோம். முதல் வீட்டுக் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் கால் வைத்ததும், சபை வணக்கமான "தோத்திரம்" கூட ஒழுங்காகச் சொல்லாமல், நீ கேட்கிறது ஒன்றுதான்.

"ஒரு சாயம் ஊத்துங்க. தொண்ட காயுது."

எனக்கு உடம்பெல்லாம் கூசும். இல்லாத வீடு என்று தெரிந்துதானே போகிறோம். உதவி செய்யப் போன இடத்தில் கையேந்துகிறாளே என்று இருக்கும். ஒரு வீடு நினைவிருக்கிறதா? புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய்ச் சேதியே இல்லாமல் இருந்த பெண். நீ சாயம் கேட்டதும் அவள் சீனி டின்னைத் திறந்து பார்த்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். பின்பக்கமாக ஓடி அடுத்த காம்பராவில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வாங்கிவந்தாள். நான் உன் தொடையைக் கிள்ளினேன். நீ கண்டுகொள்ளவே இல்லை. கருப்பட்டியைக் கடித்து, சாயத்தை உறிஞ்சி, "என்னா தூள் இது, இம்புட்டு மணமா இருக்கு" என்று அவளிடம் கேட்டாய். பக்டரியில் எல்லோருக்கும் போடுகிற அதே தூள்தான். ஆனாலும் அவள் சிரித்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள். இரண்டாவது கோப்பைக்குப் பிறகுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று வாய் திறந்தாள். புறப்படும்போது, பையைக் கதவு மறைவில் வைத்துவிட்டு வா என்று எனக்குக் கண்ணைக் காட்டினாய்.

இறங்கி வரும்போது உன்னைப் பிடித்து உலுக்கினேன். அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள், நீ அழாமலே அடுத்த வீட்டுப் பாலையும் குடித்துவிடுவாய் என்றேன். நீ சிரித்துக்கொண்டு நடந்தாய். பிறகு சொன்னாய்.

"வேதத்துல கேக்கச் சொல்லித்தானே சொல்லியிருக்கு. நீ ஜெபத்துல மட்டும் கேக்கிற டீச்சரு, மனுசங்ககிட்ட கேக்க மாட்டேங்கிற."

கிணற்றடியில் அந்தச் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் என்ன செய்தார் என்று என்னையே திருப்பிக் கேட்டாய். ஞாயிறு பள்ளியில் வருடக் கணக்காகக் கற்பித்த கதை, எனக்குத் தெரியாதா? தண்ணீர் கேட்டார். அவளுடைய ஆட்கள் தொட்ட பாத்திரத்தில் இவருடைய ஆட்கள் குடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்டார். "சிலுவையிலயும் தாகம்னுதான் சொன்னாரு. கெணத்தடியிலயும் கேட்டாரு, சாகும்போதும் கேட்டாரு. நமக்கென்ன அவரவிட ரோசம்?" என்றாய். நான் வேறு பக்கமாகக் குத்தினேன். உனக்கு நிஜமாகவே தாகமா, இல்லை நடிப்பா என்று கேட்டேன். நீ நடுப் பாதையில் நின்றுவிட்டாய். "தாகமில்லாம கேட்டா அது பொய்யில்ல?" என்றாய். உனக்குக் கொஞ்சம் கோபம் என்றுகூட நினைக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். தண்டவாளத்தைக் கடக்க ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் இருந்த தோட்டத்தில் உங்கள் காம்பராவுக்கு வருகிறவர்கள் இஸ்தோப்பிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்களாம். உட்காரமாட்டார்கள், தண்ணீர் வாங்கமாட்டார்கள். ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் அதை யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அது தெரிந்தும் உன் அம்மா ஒவ்வொரு தடவையும் சாயம் ஊற்றிக் கொண்டுபோய் வைப்பாளாம். அது ஆறிப்போனதும் எடுத்து உங்களுக்குக் கொடுப்பாளாம். "ஆறுன சாயம் குடிச்சே வளந்தேன் டீச்சரு. அதான் சுடச்சுட எங்க கண்டாலும் விட மனசு வராது" என்று சிரித்தாய். ரயில் வந்துவிட்டது. அது போன பிறகு நீ வேறு கதை பேசினாய்.

அதன் பிறகுதான் மேல் பிரிவில் பெருமாள் அண்ணன் வீட்டுச் சங்கதி நடந்தது.

அவர் மனைவி நம் சபையில் இருந்தவள். அவர் கோயிலுக்கு வருவதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் தப்படிக்கிறவர். மனைவியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை தேயிலைக்குள் உட்கார்ந்திருப்பார். அவள் இறந்து கொஞ்ச நாளில், புதிதாக வந்திருந்த போதகர் அவரைப் பார்க்க வேண்டும் என்றார். மட்டக்களப்புப் பக்கத்து இளம் ஆள், மென்மையான சுபாவம். நாம் இருவரும்தான் கூட்டிக்கொண்டு போனோம்.

பெருமாள் அண்ணன் துண்டால் வாங்குப் பலகையைத் துடைத்து அவரை உட்கார வைத்தார். நீ படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாய். அவர் உள்ளே போய்ச் சாயம் ஊற்றி எடுத்துவந்தார். ஒரு சின்னத் தட்டில் சீனி. வீட்டில் இருந்த சீனி அவ்வளவுதான் என்பது தட்டைப் பார்த்தாலே தெரிந்தது. போதகருக்கும் தெரிந்தது, அதுதான் வினை. "வேண்டாம் அண்ணன், நீங்க சிரமப்பட வேண்டாம். இதை உங்களுக்கே வச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெருமாள் அண்ணன் கோப்பைகளைத் தட்டோடு திரும்ப எடுத்துக்கொண்டார். "சரிங்கையா" என்றார். உள்ளே போனார். பின்பக்கச் சாக்கடைக் கானில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. போதகர் ஜெபித்தபோது அவர் கண்ணைத் திறந்துகொண்டே நின்றிருந்தார்.

நீ அப்போதுதான் படியேறி வந்து, எங்கண்ணே என் சாயம் என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இருக்கட்டும்மா. நீங்கல்லாம் இங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியாம ஊத்திட்டேன்."

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உன் முகம் செத்துப்போயிருந்தது. நீ மூட்டை இறங்கின மாதிரி அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். குடிக்காமல் எழும்பமாட்டேன் என்றாய். அவர் ஊற்றவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று நான் போதகரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தேன். நீ இஸ்தோப்பிலும் அவர் வாசல்படியிலும் உட்கார்ந்திருந்தீர்கள்.

மிச்சத்தை மறுநாள் ஆராதனை முடிந்து சொன்னாய். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாயாம். கடைசியில் அவர், "நெசமாவே வேணுமா?" என்று கேட்டாராம். "நெசமாவே தாகமா இருக்குண்ணே" என்றாயாம். சீனி இல்லாத சாயம் ஒன்று வந்ததாம். குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டி, இன்னொன்று என்றாயாம். இரண்டாவது கோப்பைக்குத்தான் அவர் தட்டைக் கொண்டுவந்து உன் உள்ளங்கையில் சீனி போட்டாராம். லயத்து ஆட்கள் சீனியைச் சாயத்தில் கலந்து வீணாக்குவதில்லை, கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். உன் கையில் சீனி விழுந்தபோது அவர் அழுதாரா என்று கேட்டேன். சீனியைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்றாய். அதற்குப் பிறகு பஸ் இல்லாமல் தண்டவாளம் வழியாக நடந்து வந்திருக்கிறாய், கால் வீங்கியிருந்தது.

போதகரிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன். பாவம், அந்தப் பிள்ளை நொந்துபோனார். மாற்றலாகிப் போகும்வரை அவர் பெருமாள் அண்ணனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் வாங்கைத் துடைத்து உட்கார வைப்பார், நன்றாகப் பேசுவார். சாயம் மட்டும் ஊற்றவில்லை. உன்னாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நீ போனால் மட்டும் கேத்தல் ஏறும். நான் கூட வந்தால் எனக்கும் ஒரு கோப்பை வரும், நானும் குடிப்பேன். ஆனால் அந்த வீட்டில் வாய் விட்டுக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீ என்னிடம் கேட்டாய். இத்தனை வருஷத்தில் என்னிடம் நீ அப்படிக் கேட்டதே இல்லை, என் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குப் போய் நீயே ஊற்றிக்கொள்வாய். அன்று, "டீச்சரு, ஒரு சாயம் குடேன்" என்றாய். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் பஞ்சை நனைத்து உன் உதட்டைத் துடைத்தேன். "பரவால்ல, பொறகு குடிக்கலாம்" என்று நீ என்னைத் தேற்றினாய். அந்தப் பிறகு வரவில்லை. இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கேத்தலை அடுப்பில் வைத்ததில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று பெருமாள் அண்ணன் வேலிக்கு வெளியே, தேயிலையோரம் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தப்புக் கொண்டுவரவில்லை. நான் போய்ப் பேசவில்லை. வீட்டில் உன் சாமான்களை உன் அக்கா பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் குடை வேண்டும் போல இருந்தது. கண்ணால் தேடினேன், காணவில்லை. கேட்டிருந்தால் தேடிக் கொடுத்திருப்பார்கள். கேட்க வாய் வரவில்லை. என் சங்கதி உனக்குத் தெரியும்தானே.

நேற்று மத்தியானத்துக்குப் பிறகு வாசலில் செருமல் சத்தம் கேட்டது. பெருமாள் அண்ணன். நன்றாகக் கிழண்டு போயிருந்தார். கையில் கறுப்புக் குடை, கிழிசலில் நீல நூல். நான் தடியைக்கூட எடுக்காமல் எழும்பிவிட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை நீ அதை அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாய். "கேட்டு வருவீங்கன்னு வச்சிருந்தேன் டீச்சரம்மா" என்றார். "வரல. அதான் நானே கொண்டாந்தேன்." குடையை வாங்கினேன். உட்காருங்கள் என்றேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். வழக்கம்போல அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எழும்பாதீங்க, கஷ்டப்படாதீங்க, இப்பதான் குடிச்சேன். அவர் என் கையைப் பார்த்தார். குடையும் கையோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஒரு சாயம் ஊத்துங்கம்மா. தொண்ட காயுது."

நான் குசினிக்குள் போனேன். கேத்தலை வைத்தேன். தூளைப் போட்டேன், கொஞ்சம் வெளியே கொட்டியது. அவர் எழும்பி வரவில்லை, உதவட்டுமா என்று கேட்கவும் இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கோப்பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி என் சேலையில். மிச்சத்தை வாங்கிக்கொண்டு மற்றக் கையை விரித்து நீட்டினார். மாதர் சங்கத்துச் சீனியில் ஒரு பையைப் பிரித்து, இடது கையில் கிண்ணத்தைப் பிடித்து, கரண்டியால் அள்ளிப் போட்டேன். கையில் விழுந்ததைவிடத் தரையில் விழுந்தது அதிகம். அவர் தரையைப் பார்க்கவில்லை. நக்கினார், குடித்தார், கோப்பையை நீட்டினார்.

"இன்னொண்ணு."

இரண்டாவது கோப்பை சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. அவர் பேசியது கொஞ்சம்தான். மகன் வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் இருக்கிறானாம், எப்போதாவது வருகிறானாம். சபையிலிருந்தும் மாரியம்மன் கோயில் கமிட்டியிலிருந்தும் அவருக்கும் பொட்டலம் வருகிறதாம். புறப்படும்போது வாசலில் நின்றார்.

"அந்தம்மா போனதுக்கப்புறம் எங்க வீட்டுல சாயம் கேக்க ஆளில்லீங்க. கொண்டாந்து குடுக்க ஆளு வருது. கேக்கத்தான் யாருமில்ல" என்றார்.

தோத்திரம் என்று வேறு சொன்னார். அவர் வாயில் அதை நான் கேட்டதே இல்லை. மேட்டில் ஏறித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் வீடு முன்பைவிட வெறிச்சென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் வராமலே இருந்திருந்தால் இவ்வளவு தனிமை தெரிந்திராது. அந்த எச்சில் கோப்பையைக் கழுவ மனமில்லாமல் வைத்திருந்தேன். உனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று உன்னைத் திட்டினேன். மலைமேல் ஒரு வீட்டையும் கீழே ஒரு வீட்டையும் இப்படிக் கேட்பாரில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இன்று வெள்ளிக்கிழமை. எறும்புகள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன, போகட்டும். நாளைக்கு நான் மேல் பிரிவுக்குப் போகப் போகிறேன். ஸ்கூல் வளைவுவரை த்ரீவீலர் போகும், அதற்கு மேல் மெதுவாக ஏறிக்கொள்வேன். வலது கையில் தடி, இடது கையில் உன் குடை, நடுங்கினாலும் பிடித்துக்கொள்ளும். பை கொண்டுபோகலாமா என்று யோசித்தேன், அலுமாரி நிறையச் சீனி கிடக்கிறதே. வேண்டாம், முதல் தடவை வெறுங்கையோடு போகிறேன்.

பயம் ஒன்றுதான். நான் யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அங்கே போய் வாய் வராமல் நின்றுவிடுவேனோ என்று இருக்கிறது. அதனால் சற்று முன் குசினியில் நின்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, ஒரு சாயம் ஊத்துங்க." வெளியே வந்தது டீச்சர் குரல், பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரல். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இன்னொரு தடவை சொன்னேன். மெதுவாக, உன்னைப் போல. "ஒரு சாயம் ஊத்துங்க. தொண்ட காயுது."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, என் தொண்டை நிஜமாகவே காய்ந்து கிடந்தது.